வாட்ச்மேனுக்குச் சொல்லிவிட்டு ஆடுங்கள்!

வாசகர் கேள்வி – பதில்: விளையாட்டரங்குகளில் ஃப்ளாஷ் மாப்

கல்லூரி விளையாட்டு விழா, நிறுவனங்களின் கிரிக்கெட் போட்டி, ஊர்க் கபடி என்று சீசன் தொடங்கிவிட்டது. மைதானத்தில் ஃப்ளாஷ் மாப், அதாவது கூட்டமாக இறங்கித் திடீர் நடனம் ஆடுவது பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: மாவட்டத் தடகளப் போட்டி நடக்கும்போது அண்ணா விளையாட்டரங்கில் நாங்கள் நூறு பேர் திடீரென இறங்கி ஆடத் திட்டமிட்டிருக்கிறோம். முன்கூட்டியே அனுமதி கேட்டால் சர்ப்ரைஸ் போய்விடாதா?
– கல்லூரி மாணவி, திருச்சி

போகாது. சர்ப்ரைஸ் என்பது கேலரியில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான். கேட் வாட்ச்மேன், மைதானப் பொறுப்பாளர், போட்டி நடத்தும் அதிகாரி, மைக் செட்காரர், பந்தோபஸ்துக்கு வந்திருக்கும் காவலர் ஆகிய ஐந்து பேரில் ஒருவருக்கு விஷயம் தெரியாமல் போனாலும் முதல் நிமிடத்திலேயே நடனம் நின்றுவிடும். நூறு பேர் ஒரே நேரத்தில் டிராக்கை நோக்கி ஓடிவந்தால், ஒன்றும் தெரியாத காவலர் லத்தியைத்தான் தூக்குவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

உங்கள் மைதானம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கீழ் வருகிறது. மனுவை மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலருக்கு எழுதுங்கள். போட்டியை நடத்தும் தடகளச் சங்கத்துக்கு ஒரு பிரதி, அந்தப் பகுதிக் காவல் நிலையத்துக்கு ஒரு பிரதி. மாநகராட்சி மைதானமாக இருந்தால் ஆணையருக்கு, கிரிக்கெட் சங்க மைதானமாக இருந்தால் சங்கத்தின் செயலாளருக்கு. சென்னையில் பொது இடத்தில் கூட்டம் கூட்ட, மாநகரக் காவல் சட்டத்தின் 41-வது பிரிவின்படி ஐந்து நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். எந்த ஊரானாலும் பதினைந்து நாள் முன்பு கொடுத்துவிடுவதே நல்லது. கையெழுத்துப் போட வேண்டியவர் விடுப்பில் இருப்பார்.

மனு ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். தேதி, நேரம், எத்தனை நிமிடம், எத்தனை பேர், எந்த வழியாக இறங்கி எந்த வழியாக ஏறுவீர்கள், பாட்டு யாருடைய ஸ்பீக்கரில், பொறுப்பாளர் இருவரின் கைபேசி எண். கூடவே கையால் வரைந்த ஒரு படம். நான்கு பாரா வர்ணனையைவிட அந்தப் படம்தான் அதிகாரியை நம்ப வைக்கும்.

தடகளத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. ஓட்டப் பந்தயம் டிராக்கில் நடக்கும்போதே நடுப்புல்லில் ஈட்டியும் வட்டும் பறந்துகொண்டிருக்கும். எறிபகுதிக்குள் கால் வைப்பது உயிரோடு விளையாடுவது. நூறு மீட்டர் ஓட்டக்காரர்கள் ஸ்டார்ட்டிங் பிளாக்கில் குனிந்திருக்கும்போது உங்கள் பாட்டு ஒலித்தால் ஃபால்ஸ் ஸ்டார்ட் ஆகலாம். தவறாகப் புறப்பட்டவர் தகுதியே இழக்க நேரலாம். ஆகவே நிகழ்ச்சி நிரலில் எறிதல் போட்டி எதுவும் இல்லாத இடைவெளி எது என்று சங்கத்திடம் கேட்டு, அந்த நேரத்தை எழுதி வாங்குங்கள். மதிய இடைவேளை, அல்லது பரிசளிப்புக்குச் சற்று முன்பு.

கேள்வி: கல்லூரி ஆடிட்டோரியத்தில் ஒத்திகை பார்த்தபோது 120 பேரும் கச்சிதமாக ஆடினார்கள். மைதானத்தில் அதே பாட்டு, அதே ஆட்கள்; பின்வரிசை முழுக்கத் தாளம் தப்பியது. வீடியோவில் பார்த்தால் அவமானமாக இருக்கிறது. பின்வரிசைக்காரர்கள் பயிற்சி போதாதவர்களா?
– நடனப் பயிற்சியாளர், கோவை

அவர்கள்மேல் தவறில்லை. அவர்கள் காதுக்குப் பாட்டு தாமதமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

நம் ஊர் வெயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். ஸ்பீக்கரிலிருந்து 35 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு 0.1 நொடி தாமதம். 70 மீட்டரில் 0.2 நொடி. கேட்கச் சின்னதாக இருக்கிறது. ஆனால் குத்துப்பாட்டு ஒன்று நிமிடத்துக்கு 140 பீட் ஓடுகிறது என்றால் ஒரு பீட்டுக்கும் அடுத்த பீட்டுக்கும் நடுவே 0.43 நொடிதான் இருக்கிறது. 0.2 நொடி என்பது அதில் கிட்டத்தட்டப் பாதி. முன்வரிசை கைதட்டும் கணத்தில் பின்வரிசையின் கைகள் முழுக்க விரிந்திருக்கும். ஆடிட்டோரியத்தில் எல்லோரும் 15 மீட்டருக்குள் நின்றதால் இது வெளியே தெரியவில்லை.

முதல் மருந்து, ஃபார்மேஷனைக் குறுக்குவது. ஒருவர் கை நீட்டி ஆட 2 மீட்டருக்கு 2 மீட்டர் இடம் போதும். 120 பேருக்கு 480 சதுர மீட்டர்; 24க்கு 20 மீட்டர் கட்டம். இதற்கு மைதானம் முழுக்கப் பரவி நிற்க வேண்டியதே இல்லை. மேலேயிருந்து பார்க்கும் கேலரிக்கும் நெருக்கமான கூட்டம்தான் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். ஸ்பீக்கரை அந்தக் கட்டத்தின் முன்பக்கம் இரண்டு மூலையில் வையுங்கள். பெவிலியன் மாடியில் வைத்துவிட்டு 80 மீட்டர் தள்ளி ஆடாதீர்கள்.

இரண்டாவது, பீட்டைக் கண்ணால் எடுப்பது. ஸ்பீக்கருக்கு ஐந்து மீட்டருக்குள் ஒரு லீடர், பளிச்சென்ற கையுறையுடன். மற்றவர்கள் எண்ணிக்கையின் முதல் பீட்டான ‘ஒன்று’ விழும் இடத்தை மட்டும் அவர் கையைப் பார்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஸ்டெப்பையே பார்த்துக் காப்பி அடித்தால் கண்ணுக்கும் காலுக்கும் ஆகும் நேரம் சேர்ந்து தாமதம் இன்னும் கூடிவிடும். ஸ்டெப் மனப்பாடம், ‘ஒன்று’ மட்டும் லீடரிடம். அப்புறம் யாரும் யோசிக்காத ஒன்று: எல்லோரும் வலப்பக்கம் திரும்பும் ஸ்டெப் வைத்திருப்பீர்கள். திரும்பியதும் லீடர் பக்கவாட்டுக்குப் போய்விடுவார். புதிதாக முன்வரிசையாகும் ஓரத்து ஆள் பெரும்பாலும் கூச்ச சுபாவக்காரராக இருப்பார். கட்டத்தின் நான்கு பக்கத்திலும் ஒரு கேப்டன் வேண்டும்.

நான்கு புளூடூத் ஸ்பீக்கரை நான்கு மூலையில் வைத்துச் சமாளிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். வேண்டாம். புளூடூத் தானே ஒரு தாமதம் கூட்டும், அதுவும் கருவிக்குக் கருவி வேறு. வயர்தான் பத்திரம்.

ஸ்டேடியத்தின் சொந்த ஸ்பீக்கர்கள் சுற்றிலும் இருக்கும் இடத்தில் பக்கத்து ஸ்பீக்கர் முதலில் கேட்கும், எதிர்ப்பக்க ஸ்பீக்கர் 150 மீட்டர் தாண்டி 0.4 நொடி கழித்து வரும். உருமி, தவில் வேகமாக உருளும் பாட்டு அங்கே வெறும் இரைச்சலாகிவிடும். ஒவ்வொரு பீட்டும் தனித்தனியாக விழும் எளிய பாட்டாக எடுங்கள். மைதானத்தின் நடுவே நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். எதிரொலி எத்தனை முறை வருகிறதென்று தெரிந்துவிடும்.

வீடியோ ஒன்று மிச்சம். 70 மீட்டர் தள்ளி இருந்து எடுத்த கேமராவில் படம் உடனே பதிவாகும், ஒலி 0.2 நொடி தாமதமாக வரும். எடிட்டிங்கில் பாட்டை ஐந்து ஃப்ரேம் முன்னால் தள்ளுங்கள். உங்கள் அவமானத்தில் பாதி அதிலேயே தீரும்.

கேள்வி: அலுவலகக் கிரிக்கெட் இறுதிப் போட்டியில் 60 பேர் ஆட வேண்டும். எல்லோருக்கும் ஷிப்ட் வேறு வேறு. எத்தனை ரிகர்சல், எத்தனை நிமிடப் பாட்டு?
– ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்

இரண்டரை நிமிடத்தைத் தாண்டாதீர்கள். மூன்றாவது நிமிடத்தில் கூட்டம் கைபேசியைக் கீழே இறக்கிவிடும்.

நிமிடத்துக்கு 120 பீட் ஓடும் பாட்டில் ஓர் ‘எட்டு’, அதாவது எட்டு பீட் சேர்ந்த ஒரு கவுண்ட், சரியாக 4 நொடி. 2 நிமிடம் 24 நொடிக்கு 36 எட்டுகள். முப்பத்தாறுக்கும் தனித்தனி ஸ்டெப் அமைக்கும் மாஸ்டர் ஷிப்ட் ஊழியர்களை அறியாதவர். ஆறு அல்லது ஏழு எட்டுகள் அமைத்து, திசையையும் உயரத்தையும் மாற்றித் திரும்பத் திரும்ப ஆடினால் போதும்.

ஆள் சேரும் வரிசையிலேயே ஷிப்ட் பிரச்சினைக்கும் விடை இருக்கிறது. முதல் நான்கு எட்டு ஒருவர் மட்டும். அடுத்த எட்டு எட்டுகளுக்கு அவரோடு ஆறு பேர். பிறகு இருபது பேர். கடைசிப் பன்னிரண்டு எட்டுகளில்தான் அறுபது பேரும் இறங்குவார்கள். அதாவது கடைசி அலையில் வருகிறவர் 48 நொடி ஆட்டம் கற்றால் போதும். நன்றாக ஆடுபவர்கள் முதல் இரண்டு அலையில். நைட் ஷிப்ட்காரர்களும் மேலாளர்களும் கடைசியில். முதல் அலைக்கு ஆறு ரிகர்சல், நடு அலைக்கு நான்கு, கடைசி அலைக்கு இரண்டு, பிறகு எல்லோரும் சேர்ந்து மைதானத்தில் ஒன்று. பயிற்சி வீடியோவை ஆடுபவரின் முதுகுப் பக்கத்திலிருந்து எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். முகத்தைப் பார்த்து எடுத்த வீடியோவில் கற்றவர்களில் பாதிப் பேர் இடது வலது மாற்றித்தான் வருவார்கள். அறுபது பேர் வேண்டுமானால் எண்பது பெயர் வாங்குங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

தொடங்கும் சைகை எது என்பதையும் முடிவு செய்யுங்கள். ‘வெள்ளை நிறக் காரின் உரிமையாளர் உடனே வரவும்’ மாதிரி சலிப்பூட்டும் அறிவிப்பு நன்றாக வேலை செய்யும். கூட்டம் காதில் போட்டுக்கொள்ளாது, உங்கள் ஆட்களுக்கு மட்டும் புரியும். குழந்தை காணவில்லை, தீ, மருத்துவர் தேவை என்ற மாதிரி அறிவிப்பை விளையாட்டுக்குக்கூடச் செய்யக் கூடாது.

பாட்டு இரண்டு பென்டிரைவில். கைபேசியிலிருந்து ஓட்டுவதாக இருந்தால் ஃப்ளைட் மோடு. நடனத்தின் உச்சத்தில் யாருடைய அம்மாவோ அழைக்கும் ரிங்டோன் ஸ்டேடியம் முழுக்கக் கேட்பது எல்லா ஊரிலும் நடக்கிறது.

கேள்வி: ஐ.பி.எல். போட்டியின்போது சேப்பாக்கத்தில் எங்கள் ஸ்டாண்டில் நண்பர்கள் 40 பேர் சேர்ந்து ஆடலாமா?
– ரசிகர், சென்னை

மைதானத்துக்குள் இறங்கும் யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். வெளியேற்றமும் வழக்கும்தான் கிடைக்கும். இருக்கையில் இருந்தபடி என்றால் செய்யலாம், ஆனால் அது வேறு வகை நடனம். பை, பவர் பேங்க், ஸ்பீக்கர் எதுவும் கேட்டைத் தாண்டாது. பாட்டு உங்கள் கையில் இல்லை. டி.ஜே. என்ன போடுகிறாரோ அதற்குத்தான் ஆட வேண்டும். வரிசைக்கு வரிசை படி, முன்னால் நாற்காலி முதுகு. கால் ஸ்டெப் வைத்தால் முட்டி உடையும். ஆகவே இடுப்புக்கு மேலேதான் எல்லாம்: எழுவது, உட்காருவது, கைதட்டு, துண்டு சுழற்றுவது. எந்தப் பாட்டுக்கும் பொருந்தும் நான்கு எட்டுகள் தயாராக இருந்தால் போதும்.

நேரம்? ஸ்ட்ராட்டஜிக் டைம்அவுட் இரண்டரை நிமிடம், உங்களுக்கென்றே அளந்து வைத்த மாதிரி. இன்னிங்ஸ் இடைவேளை இருபது நிமிடம் என்றாலும் பாதிக் கூட்டம் சமோசா வரிசையில் நிற்கும். மாறுவேடச் செலவும் இல்லை. மஞ்சள் சட்டைக் கடலில் நாற்பது மஞ்சள் சட்டையை யார் கவனிக்கப்போகிறார்கள்?

நாற்பது பேர் என்பது நல்ல எண்ணிக்கை. ரசிகர்கள் வரிசையாக எழுந்து உட்காருவதால் ஸ்டேடியத்தைச் சுற்றி ஓடும் மெக்சிகன் அலையைப் பற்றி 2002-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வின்படி, ஒரு ஸ்டேடியத்தில் அலையைக் கிளப்ப முப்பது பேர் அளவில் ஒன்றாக எழுந்தாலே போதும். கிளம்பிய அலை நொடிக்குச் சுமார் இருபது இருக்கை வேகத்தில் ஓடும். பரபரப்பான ஓவரின்போது கிளப்பினால் எடுபடாது, ஆட்டம் தொய்வாக இருக்கும்போதுதான் கூட்டம் சேரும். இதுவும் அதே ஆய்வு சொன்னதுதான்.

படிக்கட்டு வழியை மட்டும் எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள்.

கேள்வி: ஸ்டேடியத்துக்கு வெளியே, கேட் முன்னால் ஆடினால் அனுமதித் தொல்லை குறைவுதானே?
– வாசகர், தாம்பரம்

குறைவு இல்லை, அங்கே ஆபத்தும் அதிகம். 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியத்தின் வாசல்களில் ஏற்பட்ட நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். கேட் என்பது கூட்டம் குறுகும் இடம். அங்கே வேடிக்கை பார்க்க நிற்கும் ஒவ்வொருவரும் பின்னால் வருபவருக்கு அடைப்பு. ஆட வேண்டாம்.

கேள்வி: எங்கள் ஊர் செயற்கை இழை ஹாக்கி மைதானத்தில் இறுதிப் போட்டி இடைவேளையில் 80 மாணவர்களை ஆட வைக்கலாம் என்றிருக்கிறோம். கவனிக்க வேண்டியவை?
– உடற்கல்வி ஆசிரியர், கோவில்பட்டி

ஹாக்கி ஊர்க்காரருக்கு மைதானத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆடப்போகும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

நேரக் கணக்கு முதலில். கால்பகுதிகளுக்கு நடுவே இரண்டு நிமிடம்தான், அதில் முடியாது. பெரிய போட்டிகளில் பாதி ஆட்ட இடைவேளை பத்து நிமிடம். ஓடி வர ஒரு நிமிடம், ஆட இரண்டரை, வெளியேற ஒன்றரை. ஐந்து நிமிடத்தில் களம் காலியாக வேண்டும், ஏனென்றால் கோல்கீப்பர்கள் சீக்கிரமே திரும்பி வருவார்கள், இழைக்குத் தண்ணீர் தெளிப்பதும் அந்த நேரத்தில்தான். தெளித்த பிறகு ஆடினால் வழுக்கும். தெளிப்பதற்கு முன்பு ஆட்டம், பிறகு தண்ணீர் என்று மைதானக்காரரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இடம்: பத்துப் பேர் அகலம், எட்டு வரிசை, ஆளுக்கு 2 மீட்டர். 20க்கு 16 மீட்டர். நடுக்கோட்டுக்கும் 23 மீட்டர் கோட்டுக்கும் நடுவே ஏறத்தாழ 23 மீட்டர் இருக்கிறது, தாராளமாக அடங்கும். சுண்ணாம்பு, பெயின்ட் எதுவும் படக் கூடாது. தட்டையான ரப்பர் மார்க்கர் நான்கு மூலைக்கு மட்டும். வரிசைகள் களத்திலுள்ள கோடுகளைப் பார்த்து நிற்கட்டும்.

பள்ளிக்கூட கேன்வாஸ் ஷூ போதும். ஹீல்ஸ், ஸ்பைக்ஸ், வெறுங்கால் மூன்றும் கூடாது. மதிய வெயிலில் காய்ந்த இழை உள்ளங்காலைப் பொசுக்கிவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஊக்கு. துப்பட்டாவில், இடுப்புத் துணியில், தலைப்பூவில் குத்தியிருக்கும் சேஃப்டி பின் ஆட்டத்தில் கழன்று இழைக்குள் விழுந்தால் கண்ணுக்கே தெரியாது. அடுத்த பத்து நிமிடத்தில் ஒரு டிஃபெண்டர் சறுக்கும்போது அது அவர் முழங்காலில் ஏறும். ஊக்குக்குப் பதில் தையல் போட்டு வரச் சொல்லுங்கள். தொங்கட்டான், கொலுசு, ஜிகினா, வண்ணக் காகிதத் தூவல் எதுவும் வேண்டாம். ஜிகினா ஒருமுறை இழைக்குள் போனால் அடுத்த சீசன் வரை மின்னிக்கொண்டிருக்கும்.

தண்ணீர் ஆளுக்கு அரை லிட்டர் என்றால் 40 லிட்டர், அதாவது இருபது லிட்டர் கேன் இரண்டு. ரிகர்சலுக்கும் அதே அளவு. கணுக்கால் பிசகுவதுதான் அதிகம் நடக்கும் காயம், அதனால் ஐஸ் பெட்டி ஒன்று இருக்கட்டும்.

கேள்வி: ஊர்க் கபடிப் போட்டிக்கு சவுக்குக் கம்பில் கேலரி கட்டுகிறோம். இளைஞர்கள் கேலரியிலேயே எழுந்து ஆடி, கூட்டத்தையும் குதிக்க வைத்தால் எடுப்பாக இருக்குமே?
– விழாக்குழு, திண்டுக்கல் மாவட்டம்

கேலரியில் ஒருவரையும் குதிக்க விடாதீர்கள். இதில் பேச்சுக்கே இடமில்லை.

உட்கார்ந்திருக்கும் எடையைத் தாங்கக் கட்டியது அது. குதித்து இறங்கும் கணத்தில் ஒருவர் தன் எடையைப் போலப் பல மடங்கு அழுத்தத்தைப் பலகையில் போடுகிறார். பத்துப் பேர் தாறுமாறாகக் குதித்தால் ஒன்றையொன்று சமன் செய்யும். பாட்டுக்குக் குதித்தால் எல்லோர் பாரமும் ஒரே கணத்தில் விழும். 120 பீட் என்றால் நொடிக்கு இரண்டு அடி. கட்டுமானத்தின் இயல்பான ஆட்டமும் அதே வேகத்தில் இருந்துவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் அசைவு பெருகும். கான்கிரீட்டிலேயே இது நடந்திருக்கிறது: 2011 ஜூலையில் தென்கொரியாவின் சோல் நகரில் 39 மாடி டெக்னோமார்ட் கட்டடம் குலுங்கி ஆட்களை வெளியேற்றினார்கள், மேலே உடற்பயிற்சிக் கூடத்தில் ஏறத்தாழ இருபது பேர் பாட்டுக்குக் குதித்துப் பயிற்சி செய்ததுதான் காரணம் என்று பொறியாளர்கள் கண்டறிந்தார்கள். கயிற்றில் கட்டிய சவுக்குக் கம்பு எம்மாத்திரம்?

எல்லோரும் தோளில் கை போட்டு இடமும் வலமும் சாய்வது இன்னும் மோசம். தற்காலிகக் கேலரி செங்குத்தாக நொறுங்குவதைவிடப் பக்கவாட்டில் சரிவதுதான் அதிகம். குறுக்குக் கம்பு போதாத இடத்தில் நான்கு சாய்வு போதும்.

ஆடுபவர்கள் தரையில், களத்துக்கு வெளியே, கேலரியைப் பார்த்து ஆடட்டும். கூட்டத்தைக் கைதட்ட வையுங்கள், துண்டை வீச வையுங்கள், இருட்டியிருந்தால் கைபேசி டார்ச்சை ஏற்ற வையுங்கள். எழுந்து குதிக்கத் தூண்டும் பாட்டை ஒதுக்கிவிடுங்கள். கேலரிக்கு அடியில் யாரும், குறிப்பாகக் குழந்தைகள், நிற்காமல் இரண்டு பேர் பார்த்துக்கொள்ளட்டும்.

கேள்வி: சினிமாப் பாட்டுக்கு ஆடினால் காசு கட்ட வேண்டுமா? வேண்டாமென்றால் பறை வைத்து ஆடலாமா?
– நாட்டு நலப்பணித் திட்ட மாணவர், மதுரை

பதிவு செய்த பாட்டில் இரண்டு உரிமைகள் உண்டு. வரிகளுக்கும் மெட்டுக்கும் உரிமம் தருவது ஐ.பி.ஆர்.எஸ். என்ற அமைப்பு, ஒலிப்பதிவுக்கு அதை வெளியிட்ட இசை நிறுவனமோ பி.பி.எல். போன்ற அமைப்போ. அமெச்சூர் குழு, காசு கொடுக்காத பார்வையாளர் முன்னால் ஆடுவதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு சலுகை இருக்கிறது. டிக்கெட் விற்ற போட்டியில் அதை நம்பாதீர்கள். பெரிய போட்டிகளில் அமைப்பாளரே உரிமம் எடுத்திருப்பார். அது உங்கள் நடனத்துக்கும் பொருந்துமா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். யூடியூபில் ஏற்றுவது தனி. அங்கே பாட்டின் உரிமையாளர் விளம்பர வருமானத்தை எடுத்துக்கொள்வார், அல்லது ஒலியை நிறுத்திவிடுவார்.

ஒலிபெருக்கிக்குக் காவல் துறையின் எழுத்து அனுமதி வேண்டும். திறந்த வெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்டிருக்கலாம். மதுரையில் எந்த மைதானமானாலும் வேலிக்கு வெளியே என்ன இருக்கிறதென்று முதலில் நடந்து பாருங்கள்.

பறை அருமையான யோசனை. உரிமத் தொல்லை இல்லை, மின்சாரம் போனாலும் நிற்காது. ஆனால் தோல் பறையை நெருப்பில் காய்ச்சித்தானே சுருதி ஏற்ற வேண்டும்? ஸ்டேடியத்துக்குள் வைக்கோல் கொளுத்த யாரும் விட மாட்டார்கள். வெளியே காய்ச்சி எடுத்து வந்தால் காத்திருக்கும் நேரத்தில், அதுவும் மழைக்காலக் காற்றில், தோல் தொய்ந்துவிடும். ஃபைபர் பறை வாடகைக்குக் கிடைக்கிறது. நாதம் கொஞ்சம் குறைந்தாலும் சுருதி இறங்காது. ஒலித்தாமதக் கணக்கு பறைக்கும் உண்டு என்பதால், அடிப்பவர்களை ஒரு மூலையில் குவிக்காமல் ஆட்டத்தின் நடுவில் நிறுத்துங்கள்.

கேள்வி: மகள் ஆட விரும்புகிறாள். கூட்டத்தில் சில்மிஷம், இணையத்தில் வீடியோ, இரண்டும் பயமாக இருக்கிறது.
– தாய், நாகர்கோவில்

பயம் நியாயமானது. 2017 டிசம்பரில் மலப்புரத்தில் எய்ட்ஸ் விழிப்புணர்வுக்காக ஆடிய மாணவிகளை இணையத்தில் எவ்வளவு கேவலமாக வசைபாடினார்கள் என்பது பலருக்கு நினைவிருக்கும். காவல் துறை வழக்குப் பதிய வேண்டியிருந்தது. தடுப்பதற்குப் பதில் அமைப்பாளரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். ஆடுபவர்களைச் சுற்றி ஆடாத தன்னார்வலர்கள் வளையமாக நிற்பார்களா, எத்தனை பேர்? (ஐந்து பேருக்கு ஒருவர் இருக்க வேண்டும்.) உடை மாற்றப் பூட்டக்கூடிய அறை உண்டா? ஆட்டம் முடிந்து கூட்டத்தோடு கலைந்து போவார்களா, தனி வழியில் மொத்தமாக வெளியேறுவார்களா? வீடியோவை யார் வெளியிடுவார், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குவாரா, பின்னூட்டங்களை மூடி வைப்பாரா? பதில் தடுமாறினால் அனுப்பாதீர்கள். ‘எல்லோரும் பழகின பசங்கதான் ஆன்ட்டி’ என்பது பதில் ஆகாது.

கேள்வி: மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்து, அனுமதி வாங்கி ஆடினால் அது எப்படி ஃப்ளாஷ் மாப்? விளையாட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?
– வாசகர், புதுச்சேரி

கறாராகப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. பில் வாசிக் என்ற பத்திரிகை ஆசிரியர் 2003-ல் நியூயார்க்கில் தொடங்கியபோது நடனமே கிடையாது. மேசிஸ் கடையில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் திடீரென ஒரு கம்பளத்தைச் சுற்றி நின்றுவிட்டுக் கலைந்தார்கள், அவ்வளவுதான். அதற்கு முந்தைய மாதம் வேறொரு கடையில் எடுத்த முதல் முயற்சி, விஷயம் கசிந்து காவலர்கள் வந்து நின்றதால் நடக்கவே இல்லை. ஒத்திகை பார்த்த நடனம் பிற்பாடு ஒட்டிக்கொண்டது. 2009 ஜனவரியில் லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கானோர் ஆடியது ஒரு கைபேசி நிறுவனத்தின் விளம்பரம். இந்தியாவில் பேசப்பட்டது 2011 நவம்பர் 27-ல் மும்பை சி.எஸ்.டி. ரயில் நிலையத்தில் சுமார் 200 பேர் ஆடியது.

விளையாட்டோடு அது உண்மையில் கலந்தது வங்கதேசத்தில். 2014 உலக டி20 கோப்பையை நடத்தியபோது ‘சார் சொக்கா ஹோய் ஹோய்’ என்ற போட்டிப் பாடலுக்குப் பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாக மாணவர்கள் தெருவிலும் வளாகத்திலும் இறங்கி ஆடினார்கள். ஒரே பாட்டு, அந்தந்த ஊருக்கு அந்தந்த ஸ்டெப். நம் ஊரில் பெரிய போட்டி நடத்துபவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது அதுதான். வாடகை நடனக் குழுவை வேனில் ஏற்றி மாலுக்கு மால் இறக்குவதில் கூட்டம் ஏமாறுவதில்லை.

கேள்வி: நடுவில் பாட்டு நின்றுவிட்டால்?
– பலர்

கண்டிப்பாக ஒருமுறை நிற்கும். நின்றால் யாரும் மிக்சர் பக்கம் திரும்பிப் பார்க்கக் கூடாது. ஒருவர் திரும்பினால் அறுபது பேரும் திரும்புவார்கள். லீடர் கையைத் தலைக்கு மேல் தூக்கி பீட்டுக்குத் தட்டுவார், எல்லோரும் தட்டிக்கொண்டே நடப்பு எட்டை முடிப்பார்கள், பிறகு கடைசி இரண்டு எட்டுகளுக்கு நேராகத் தாவி முடிவு போஸ். பாட்டே இல்லாமல் இந்த முடிவை ரிகர்சலில் இரண்டு தடவை ஆடிப் பழகியிருக்க வேண்டும். நடுவில் பாட்டு திரும்பி வந்தாலும் அதைச் சேர்ந்துகொள்ள முயல வேண்டாம். மைக் செட்காரரிடம் முன்பே சொல்லி வையுங்கள்: நின்றால் நின்றதுதான், திரும்பப் போடாதீர்கள் அண்ணே என்று.